ஹெட் அடைப்பு: சிரிஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இங்க்ஜெட் மெஷின்களின் அச்சுத்தலை அடைப்பைப் பற்றியே கேட்டிருக்கின்றன. அச்சுத்தலை என்பது எழுத்துக்குரிய சொல்லாக இருந்தாலும், பட்டறையில் எல்லோரும் 'ஹெட்' என்றும் அதிலுள்ள துளைகளை 'நாசில்' என்றும் சொல்வதால் இங்கும் அச்சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, பனியன்களுக்கு டிடிஎஃப் ஸ்டிக்கர் (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றுவது) அச்சிடும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். என் மெஷினில் எப்சன் ஐ3200 ரக ஹெட்கள் இரண்டு உள்ளன. ஒன்று வண்ணங்களுக்கு, மற்றொன்று முழுவதும் வெள்ளைக்கு. பொங்கலுக்கு 4 நாள் மூடிவிட்டு வந்து பார்த்தபோது வெள்ளை ஹெட்டில் ஏறத்தாழ பாதி நாசில்களிலிருந்து மை விழவில்லை. ஹெட் கிளீனிங்கை 12 முறை ஓட்டினேன். நிலைமை மோசமாகியதே தவிரச் சீராகவில்லை. ஹெட்டைக் கழற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் போட வேண்டும் என்று சொல்கிறார்கள். நானே கையால் சுத்தம் செய்ய முடியுமா? — ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முடியும். ஆனால் முதலில் கிளீனிங் ஓட்டுவதை நிறுத்துங்கள். கேப் என்னும் மூடி ஹெட்டின் அடியில் ஒட்டிக்கொள்ள, பம்ப் அதன் வழியே மையை உறிஞ்சுவதுதான் தானியங்கிக் கிளீனிங். கேப்பின் ரப்பர் விளிம்பில் காய்ந்த மையோ உங்கள் ஊருக்கே உரிய பஞ்சுத் தூசியோ படிந்து அது சரியாக மூடாமல் போனால், பம்ப் மைக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். கேப்பில் நுரை கட்டும். அந்த நுரையிலிருந்து காற்று நாசிலுக்குள் ஏறும். காலையில் 100 நாசில்கள் விழாத ஹெட்டில் மாலைக்குள் 1,000 நாசில்கள் விழாமல் போவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

எனவே ஹெட்டைத் தொடுவதற்கு முன், நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மெஷினை ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு இடையில் கிளீனிங் எதுவும் ஓட்டாமல், பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை நாசில் செக் (ஒவ்வொரு நாசிலும் ஒரு கோடு போடும் சோதனை அச்சு) எடுங்கள். வெள்ளை மை ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதைக் கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பார்த்து, விழாத இடங்களைப் பேனாவால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். மூன்றிலும் அதே நாசில்கள் விடுபட்டிருந்தால் அது அடைப்பு. விடுபடும் இடங்கள் ஒவ்வொரு முறையும் மாறினால் அது காற்று அல்லது மை வரத்துக் குறைவு. அதற்கு ஹெட்டைக் கழுவுவதால் எந்தப் பயனும் இல்லை. நாசில் செக் முழுமையாக வந்து, நான்கைந்து பாஸ் (ஹெட்டின் ஓட்டம்) அச்சிட்டபின் வெள்ளை மங்கிக்கொண்டே போனால், ஹெட்டுக்கு மேலே மையை வடிகட்டித் தரும் சிறு அறையான டேம்பரின் வலையோ குழாயோதான் அடைத்திருக்கிறது. ஒரு வரிசை முழுவதும் ஒரே வெட்டாகக் காணாமல் போயிருந்தால் கேபிளையும் மின்பலகையையும் சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளையில் இந்தத் தொல்லை கூடுதலாக வருவதற்குக் காரணம் அதன் நிறமி. டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைவிட ஏறத்தாழ 4 மடங்கு அடர்த்தியானது. கலக்காமல் விட்டால் தொட்டியின் அடியில் மட்டுமல்லாமல் குழாயின் வளைவுகளிலும் டேம்பரிலும் ஹெட்டின் உள்வழிகளிலும் வண்டலாக இறங்கிவிடும். 4 நாள் கழித்து மெஷினைப் போட்டவுடன் கிளீனிங் ஓட்டியபோது, குழாயில் தங்கியிருந்த அந்த வண்டல் முழுவதையும் நீங்களே ஹெட்டை நோக்கி இழுத்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் வேலை தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். மையை நன்றாகக் கலக்கிவிட்டு, டேம்பரை ஹெட்டிலிருந்து கழற்றி, அதன் வாயில் சிரிஞ்சை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். மை தடையில்லாமல், குமிழி இல்லாமல் வர வேண்டும். இழுக்கக் கை வலித்தால் டேம்பரை மாற்றிவிடுங்கள்; ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு. கேப்பில் கொஞ்சம் கிளீனிங் திரவம் ஊற்றிப் பம்பை ஓட்டினால் அது முழுவதும் உறிஞ்சப்பட வேண்டும். தேங்கி நின்றால் பம்ப் குழாயில் அடைப்பு. கேப்பையும், ஹெட்டின் அடியைத் துடைக்கும் ரப்பர் தகடான வைப்பரையும் பஞ்சு உதிராத துணியால் துடைத்து முடியுங்கள். அழுக்கு வைப்பர் கழுவிய ஹெட்டை அடுத்த நிமிடமே அழுக்காக்கிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அதே நாசில்கள் அடைத்திருந்தால், முதல் வைத்தியம் ஊறவைப்பது. உங்கள் மை தயாரிப்பாளர் கொடுக்கும் கிளீனிங் திரவத்தைக் கேப்பின் விளிம்பு வரை நிரப்பி, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி, மெஷினை அணைத்துவிடுங்கள். சில மணி நேரம் போதும். பழைய அடைப்பானால் ஓர் இரவு. நாசில் தட்டு மட்டுமே நனைய வேண்டும். ஹெட்டையே கிண்ணத்தில் மூழ்கவைக்கக் கூடாது. ஊறவைத்ததிலேயே குணமான ஹெட்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். பொறுமை இல்லாமல் இந்தப் படியைத் தாண்டிச் சிரிஞ்சுக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

சிரிஞ்சு வைத்தியத்துக்குப் போக வேண்டி வந்தால் மெஷினை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கி, சில நிமிடங்கள் காத்திருங்கள். உடலில் நிலைமின்சாரம் இருந்தால் ஹெட்டின் மின்சுற்று கெடும் என்பதால் மெஷினின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, நைட்ரைல் கையுறை அணிந்து வேலையைத் தொடங்குங்கள். ஹெட்டின் தட்டைக் கேபிள் நுழையும் இடத்தை ஒரு துணியால் மூடிவையுங்கள். அங்கே ஒரு சொட்டுத் திரவம் இறங்கி, அது காய்வதற்குள் மின்சாரம் கொடுத்தால், ஹெட்டோடு சேர்ந்து மெயின் போர்டும் போய்விடும். கழுவுவதில் நேரும் சேதங்களில் மிகப் பெரியது இதுவே.

10 மில்லி சிரிஞ்சு ஒன்றை எடுத்து, அதன் முனையில் மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செருகி, நடுவே 5 மைக்ரான் ஃபில்டர் வைத்து, ஹெட்டின் மை நுழையும் முனையில் பொருத்துங்கள். இப்போது சிரிஞ்சின் தண்டைச் செருக வேண்டாம். வெறும் குழலில் திரவத்தை ஊற்றி, ஹெட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு, தன் எடையிலேயே அது இறங்குகிறதா என்று பாருங்கள். திரவத்தை வெறும் கையால் தாங்கக்கூடிய இளஞ்சூட்டில், 40 டிகிரியைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் காய்ந்த மை விரைவில் இளகும். மட்டம் மெல்ல இறங்கினாலும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். அதை அப்படியே விடுங்கள், அவசரப்பட வேண்டாம். அரை மணி நேரம் கழித்தும் இறங்கவே இல்லை என்றால் மட்டும் தண்டைச் செருகி, கட்டைவிரலின் நுனியால், ஊசி போடும் நர்ஸ் அழுத்துவதைவிட மென்மையாக அழுத்துங்கள். ஒரு மில்லி போனதும் நிறுத்தி ஊறவிட்டு, மீண்டும் ஒரு மில்லி. டார்ச் அடித்துப் பார்த்தால் நாசில் வரிசையிலிருந்து திரவம் மெல்லிய திரைபோல நேராக இறங்குவது தெரியும். திரையில் கிழிசல் இருக்கும் இடமே இன்னும் அடைத்திருக்கும் இடம். அடைப்பை எதிர்ப்பக்கமாக உறிஞ்சி எடுக்கலாம் என்று சிலர் தண்டைப் பலமாகப் பின்னுக்கு இழுக்கிறார்கள். அதில் நாசில் தட்டின் வெளிப்புற அழுக்கும் காற்றும் உள்ளே போகுமே தவிர அடைப்பு வெளியே வருவதில்லை.

அழுத்தத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பீசோ ஹெட்டின் உள்ளே ஒவ்வொரு நாசிலுக்கும் பின்னால், மின்னழுத்தத்துக்கு வளைந்து மையைத் தள்ளும் மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதைச் சுற்றிய அடுக்குகள் பசையால் ஒட்டப்பட்டவை. நாசிலோ தலைமுடியின் பருமனில் பாதிக்கும் குறைவான துளை. அது அடைத்திருக்கும்போது சிரிஞ்சால் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் அந்தப் படலத்தின் மீதும் பசையின் மீதும்தான் விழும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஹெட்டை நான் இப்படித்தான் இழந்தேன். நீல வழியில் அடைப்பு, கோபத்தோடு அழுத்தினேன், சட்டென்று இலகுவாகிவிட்டது, திறந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மெஷினைப் போட்டபோது நீல வரிசையில் மஞ்சள் கலந்து விழுந்தது. இரண்டு வழிகளுக்கும் இடையிலிருந்த ஒட்டு பிரிந்துவிட்டது. அது என் ஹெட் அல்ல, நம்பி ஒப்படைத்தவருடையது என்பது இன்றும் நினைவில் உறுத்துகிறது. ஒரு முனையில் ஊற்றும் திரவம் பக்கத்து முனையில் எட்டிப் பார்த்தால், அந்த ஹெட்டோடு மேலும் போராட வேண்டாம்.

கழுவி முடித்ததும் நாசில் தட்டைத் தேய்க்காதீர்கள். அதன் மீது மை ஒட்டாமல் இருப்பதற்கான பூச்சு ஒன்று உண்டு. அது போனால் துளிகள் சாய்ந்து விழும். பஞ்சு உதிராத துணியைத் திரவத்தில் நனைத்து அடியில் வைத்து, ஒற்றி எடுத்தால் போதும். டேம்பரில் மையை நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பின் பொருத்துங்கள். கேபிள் இடம் முழுவதும் காய்ந்திருப்பதை டார்ச் அடித்து உறுதிசெய்த பிறகே மின்சாரம் கொடுங்கள். ஒரே ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக், பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து மீண்டும் ஒரு நாசில் செக். உடனடி முடிவை நம்ப வேண்டாம். ஹெட்டுக்குள் மிச்சமிருக்கும் காற்று அடங்க அந்த நேரம் தேவை.

அல்ட்ராசோனிக் தொட்டி பற்றிக் கேட்டீர்கள். ஒலி அதிர்வில் திரவத்துக்குள் நுண்குமிழிகள் உண்டாகி வெடிக்கும் விசையால்தான் அந்தத் தொட்டி அழுக்கை அகற்றுகிறது. அதே விசை நாசில் பூச்சையும் ஒட்டுப்பசையையும் தாக்கும். நாசில் தட்டு மட்டும் திரவத்தைத் தொடும்படி பிடித்து, சில நொடிகள் கொடுத்து எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஹெட்டைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாமவரிடம் கொடுக்கலாம், அதுவும் மூன்று முறை ஊறவைத்துக் கழுவியும் முன்னேற்றமே இல்லாதபோது மட்டும்.

கேள்வி: ஃப்ளெக்ஸ் அச்சிடும் எங்கள் மெஷினில் கோனிகா 512 ஹெட்கள் உள்ளன. கிளீனிங் சொல்யூஷன் தீர்ந்துவிட்டால் பெயிண்ட் கடைத் தின்னரை ஊற்றிக் கழுவுகிறோம். நன்றாகத்தான் சுத்தமாகிறது. இதில் ஆபத்து உண்டா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: சுத்தமாவது உண்மைதான், எதைச் சேர்த்துக் கரைக்கிறது என்பதுதான் கவலை. கடைத் தின்னரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருப்பதில்லை. ஒரு முறை வாங்கியதுபோல் மறுமுறை இருப்பதும் இல்லை. அசிட்டோன் போன்ற கடுமையான கரைப்பான்கள் ஹெட்டின் பசையையும் ரப்பர் வளையங்களையும் ஊதவைத்து இளக்கிவிடும். சேதம் அன்றைக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஹெட் கசியும்போது யாரும் தின்னரை நினைப்பதில்லை.

பொதுவாகவே, மை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ கழுவும் திரவமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மையில் நிறமித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பது அதற்கென்று சேர்த்த வேதிப்பொருள்களால்தான். பொருந்தாத திரவம் அந்தச் சமநிலையைக் குலைத்தால் துகள்கள் திரண்டு, பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் திரிந்துவிடும். ஹெட்டுக்குள் அப்படித் திரிந்ததை எந்தச் சிரிஞ்சாலும் எடுக்க முடியாது. நீர் சார்ந்த மைகளில் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தையும், குழாய்த் தண்ணீரையும் பயன்படுத்துகிறவர்கள் இதையே செய்கிறார்கள். குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு நாசில் ஓரத்தில் படிந்து புதிய அடைப்பை உண்டாக்குகிறது. வேறு நிறுவனத்தின் மைக்கு மாறும்போதும் பழையதன் மேல் புதியதை ஊற்றாமல், இரண்டையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் கலந்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் வண்டலோ இழையோ தெரிந்தால் குழாய் முழுவதையும் கழுவிய பிறகே மாற வேண்டும்.

சால்வென்ட் ஆவி நுரையீரலுக்கும் நல்லதல்ல. ஏசி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்று உங்கள் பையன்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: யுவி ஃப்ளாட்பெட் மெஷினில் (மேசைமேல் வைத்த பொருளில் அச்சிட்டு, மையைப் புற ஊதா விளக்கால் இறுக்கும் மெஷின்) ரிக்கோ ஜென்5 ஹெட்கள் உள்ளன. விளக்கு இருக்கும் பக்கத்து ஹெட்டில் மட்டும் அடிக்கடி அடைப்பு வருகிறது. எவ்வளவு கழுவினாலும் சில நாசில்கள் திரும்பவில்லை. — ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கண்ணாடி, பளபளப்பான டைல்ஸ், மிரர் அக்ரிலிக் போன்றவற்றில் அதிகம் அச்சிடுகிறீர்களா என்று பாருங்கள். விளக்கின் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி நாசில் தட்டில் விழுந்தால், மை அங்கேயே கெட்டியாகிவிடும். யுவி மை காய்ந்து இறுகுவதில்லை. ஒளி பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிளாஸ்டிக்காக மாறுகின்றன. அப்படி மாறியதைக் கழுவும் திரவம் கரைக்காது. ஆகவே திரும்பாத அந்தச் சில நாசில்களுக்காக ஹெட்டை மேலும் மேலும் கழுவி, நன்றாக விழுபவற்றையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியது ஒளியைத் தடுப்பது. ஹெட்டுக்கும் பொருளுக்கும் இடையிலான உயரத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள்; இடைவெளி கூடக் கூடத் திரும்பும் ஒளி எளிதில் நுழையும். பொருள் இல்லாத இடங்களில் மேசையின் பளபளப்பான பகுதிகளை மங்கலான கறுப்புத் தாளால் மூடுங்கள். விளக்கின் சக்தியைத் தேவையான அளவுக்குக் குறையுங்கள். ஜன்னல் வெயில் மெஷின் மேல் விழாமல் திரை போடுங்கள். கழுவுவதற்கு யுவி ஃப்ளஷ் (யுவி மைக்கென்றே உள்ள கழுவும் திரவம்) மட்டுமே. ஸ்பிரிட்டோ தண்ணீரோ கூடாது. காயாத யுவி மை தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகும். ஒரு முறை வந்துவிட்டால் பிறகு சிறு துளிகூட ஆகாது. கையுறை இல்லாமல் யாரையும் இந்த ஹெட்டின் அருகில் விடாதீர்கள்.

கேள்வி: மசாலாப் பாக்கெட்டுகளில் தேதி அச்சிடும் சிஐஜே (தொடர் தாரை இங்க்ஜெட்) மெஷின் வைத்திருக்கிறோம். காலையில் போட்டால் மை பக்கவாட்டில் தெறிக்கிறது, 'கட்டர் ஃபால்ட்' என்று காட்டி நின்றுவிடுகிறது. குண்டூசியால் குத்திப் பார்க்கலாமா? — ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். இந்த மெஷினில் இருப்பது ஒரே ஒரு நாசில். அதன் விளிம்பில் குண்டூசியால் ஒரு கீறல் விழுந்தாலும் தாரை என்றென்றைக்கும் கோணலாகிவிடும்.

மேலே சொன்ன ஹெட்களைப் போலத் தேவைப்படும்போது மட்டும் துளி விடும் மெஷின் அல்ல இது. மை இடைவிடாமல் ஒரு தாரையாக வந்து, அதிர்வினால் துளிகளாக உடைகிறது. எழுத்துக்கு வேண்டிய துளிகளுக்கு மட்டும் மின்னேற்றம் கொடுத்து, உயர் மின்னழுத்தத் தட்டுகள் அவற்றை விலக்கிப் பாக்கெட்டின் மேல் விழச் செய்கின்றன. மற்றவை நேராகக் கட்டர் குழாயில் (வெட்டும் 'கட்டர்' அல்ல, துளிகளை ஏந்தும் வடிகால்) விழுந்து மைத்தொட்டிக்குத் திரும்புகின்றன. நாசில் ஓரத்தில் சிறிது மை காய்ந்திருந்தாலும் தாரை வளைந்து கட்டரைத் தவறவிடும். மெஷின் காட்டுவது அதைத்தான்.

தாரையை நிறுத்திவிட்டு, ஹெட்டின் மூடியைக் கழற்றி, கீழே ஓர் உலோகத் தட்டை வைத்து, மெஷினுக்குரிய வாஷ் திரவத்தை நாசிலிலிருந்து கீழ்நோக்கிப் பீச்சுங்கள். நாசில், மின்னேற்றும் பிளவு, தட்டுகள், கட்டர் வாய் என்ற வரிசையில். பிறகு நாசிலை உட்புறமாக உறிஞ்சிக் கழுவும் வசதி மெனுவில் இருக்கும். அதை ஓட்டிக்கொண்டே நாசில் முனையில் வாஷ் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், திரவம் உள்ளே இழுக்கப்பட்டு அடைப்பை இளக்கும். எல்லாம் முழுவதும் காய்ந்த பிறகே தாரையைப் போட வேண்டும். ஈரம் இருந்தால் உயர் மின்னழுத்தம் பாய்ந்து மெஷின் மீண்டும் நின்றுவிடும்.

காலையில் மட்டும் வருவதால், மாலையில் எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். திரையில் உள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் மெஷின் தானே நாசிலைக் கழுவிவிட்டு அணையும். சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டி அணைத்தால் நாசிலில் மை நின்று காய்ந்துவிடும். மின்தடையும் அதையே செய்யும் என்பதால் சிறு யுபிஎஸ் ஒன்று வைப்பது நல்லது. அதற்காக உணவு இடைவேளைக்கெல்லாம் நிறுத்திப் போட வேண்டாம். ஒவ்வொரு முறை கழுவும்போதும் கரைப்பான் தொட்டியில் சேர்ந்து மை நீர்த்துவிடும்.

இந்த மைகளில் பெரும்பாலும் எம்.ஈ.கே. என்ற கரைப்பான் இருக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரில்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளியிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பாக்கெட்டை ஒட்டும் சீலிங் மெஷினின் சூடான தாடைக்குப் பக்கத்தில் வைத்து ஹெட்டைக் கழுவாதீர்கள். மசாலா ஆலைகளில் இரண்டும் ஒரே மேசையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டிடிஎஃப் மெஷினை ஒரு வாரம் மூடிவிட்டுப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது? — ஒரு வாசகி, கரூர்

பதில்: வெள்ளை வழிகளில் மையை எடுத்துவிட்டுக் கிளீனிங் திரவத்தை நிரப்புங்கள். வண்ண மைகள் இருக்கலாம். கேப்பையும் வைப்பரையும் துடைத்து, கேப்பில் திரவம் ஊற்றி, ஹெட் அதன் மேல் சரியாக உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அணையுங்கள். ஹெட்டைச் சுற்றி ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் இருக்க மெஷினுக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து மூடியைச் சாத்தலாம். ஆடிக் காற்று வீசும் நாளாக இருந்தால் மெஷினின் மேல் ஒரு துணியும் போர்த்துங்கள். வீட்டில் யாராவது ஒருவர் வந்து போக முடியும் என்றால், இவ்வளவும் தேவையில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை வெள்ளையைக் கலக்கிவிட்டு, எல்லா நிறமும் விழும்படி ஒரு சிறு பட்டையை அச்சிடச் சொல்லுங்கள்.